இலங்கையிற் சூழலியல் உத்தியோகமாகிய வரலாறு

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வோராண்டும் தமிழர் இல்லங்களில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். மருத்துவபீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ தெரிவான பிள்ளையிடம் அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. தாவரவியலும் விலங்கியலும் சுற்றாடல் விஞ்ஞானமும் கற்கச் செல்லும் பிள்ளையிடமே அது கேட்கப்படுகின்றது. "இதைப் படித்து என்ன உத்தியோகம் பார்ப்பாய்?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் பெற்றோராகவோ பெரிய தந்தையாராகவோ இருப்பர்; கேள்வியில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. அதற்குரிய விடையை வேலைவாய்ப்பு விளம்பரங்களில் மாத்திரம் தேடினால் அது அரைகுறையாகவே அமையும். இவ்வுத்தியோகம் இலங்கையில் எவ்வாறு தோன்றியது, யார் யார் அதனைச் செய்தனர், எக்காலத்தில் அவர்கள் அழைக்கப்பட்டனர் என்னும் வரலாற்றை அறிந்தாலன்றி விடை தெளிவாகாது.

சூழலியல் என்பது உயிர்கள் தம்முள்ளும் தாம் வாழும் நிலம், நீர், காற்று ஆகியவற்றோடும் கொண்டுள்ள உறவை ஆராயும் கல்வியாகும். 1866 ஆம் ஆண்டில் ஜெர்மானிய விலங்கியல் அறிஞரான எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்பவர் இக்கல்விக்கு ஒரு பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'வீடு' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயரை அவர் ஆக்கிக்கொண்டார். பொருளியலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. ஒன்று வீட்டின் வரவுசெலவை ஆராய்வது. மற்றையது வீட்டில் வாழ்வோர் யார், ஒருவரையொருவர் எவ்வாறு சார்ந்துள்ளனர் என்பதை ஆராய்வது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறந்த காலங்களில் இலங்கைக்கு நேர்ந்த நட்டங்களே இவ்வரலாற்றின் பெரும்பகுதியாகும்.

இலங்கையில் இயற்கையைக் கற்றோர்க்குச் சம்பளம் தந்த முதல் நிலையங்களுள் பேராதனைப் பூந்தோட்டம் தலையாயது. 1821 ஆம் ஆண்டில் அது அங்கு நிறுவப்பட்டது. பயன் தரும் பயிர்களைக் கொணர்ந்து நட்டுப் பார்ப்பதும், நாட்டிலுள்ள தாவரங்களைத் திரட்டிப் பெயரிடுவதும் அதன் பணிகளாயிருந்தன. அதன் தலைவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். எனினும் அவர்களுடைய நூல்களுக்கு உயிர் கொடுத்தவர்களுள் இந்நாட்டவரும் இருந்தனர். ஹர்மானிஸ் த அல்விஸ் என்னும் சித்திரக்காரர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அத்தோட்டத்திற் பணிபுரிந்து இலை, பூ, காய், விதை என ஒவ்வோர் உறுப்பையும் பிழையின்றி வரைந்தார். தலைவர்கள் மாறினர்; அவர் மாறவில்லை. ஓரிடத்தில் நெடுங்காலம் நின்று நோக்குதல் என்னும் இப்பண்பு பின்னர் வரும் நிகழ்ச்சிகளை அறிந்துகொள்வதற்குத் திறவுகோலாக அமையும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டின் செல்வம் கோப்பியாயிருந்தது. 1870 களின் இறுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் நிலத்திற் கோப்பி பயிரிடப்பட்டிருந்தது. காடுகள் வெட்டி எரிக்கப்பட்டு, மலைக்கு மலை இடையீடின்றி அதே செடி நடப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளரின் உழைப்பினாலேயே அத்தோட்டங்கள் எழுந்தன. 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பது காணப்பட்டது. பேராதனையின் தலைவரான துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்னும் அறிஞர், தம்மோடு பணிபுரிந்த புரூமுடன் சேர்ந்து, அது ஒரு புதிய பங்கசு எனக் கண்டு, ஹெமிலீயா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதி 'பாழாக்குவது' என்னும் பொருளுடையது. பெயர் அவ்வாண்டே கிடைத்துவிட்டது. நோயின் இயல்பை முழுமையாக ஆராயவென ஒருவரை நியமிப்பதற்கோ பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று.

1880 ஆம் ஆண்டில் ஹரி மார்ஷல் வார்ட் என்பவர் அப்பணிக்கு வந்துசேர்ந்தார். கேம்பிரிட்ஜிற் கற்று முதல் வகுப்பிற் சித்தியெய்திய இளைஞர் அவர், வயது இருபத்தைந்தளவே. தோட்டங்களிற் கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் மிதந்துவரும் வித்திகளை அவற்றிற் பிடித்தார். இலையின் அடிப்புறத்திற் படிந்த வித்தி ஈரத்தில் முளைப்பதையும், இலைவாய் வழியே உட்புகுவதையும், பின்னர் புதிய வித்திகளை வெளிவிடுவதையும் படிப்படியாகக் காட்டினார். இதனினும் பெரிதான உண்மையொன்றையும் அவர் எடுத்துரைத்தார். காற்றைத் தடுக்கும் மரங்களின்றி ஒரே பயிரை மலைகள் தோறும் தொடர்ச்சியாக நட்டமையே நோய் பரவுதற்கு அகலமான பாதையைத் திறந்துவிட்டது என்பதே அது. பங்கசினை மாத்திரம் நோக்காது, செடியையும் காற்றையும் மழையையும் நடுகை முறையையும் ஒருங்கே நோக்கிய அவ்வாராய்ச்சி இன்றைய சூழலியலின் முன்னோடியாகும்.

தோட்டத்துரைமார் எதிர்பார்த்தது மருந்து; வார்ட் அளித்ததோ விளக்கம். உட்புகுந்துவிட்ட நோயை நீக்கும் வழி அவரிடம் இருக்கவில்லை. அவர் தமது அறிக்கைகளை எழுதிவிட்டு 1882 இல் நாடு திரும்பினார். பின்னாளிற் கேம்பிரிட்ஜிற் பேராசிரியராகி உலகப் புகழ் பெற்றார். இலங்கைக் கோப்பி புகழோடு மறைந்தது. அந்நூற்றாண்டின் முடிவுக்குள் மலைநாட்டைத் தேயிலை மூடிக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வங்கிகளும் தோட்டக்காரரும் நொடித்தனர். தொழிலாளர் பலர் வேலையிழந்து கடல் கடந்து திரும்பினர். ஒருவருடைய விஞ்ஞானம் சரியாயிருந்தும் ஒரு நாட்டின் பயிர் அழிந்தது. அறிவு பிழைத்ததாலன்று, அது பிந்தி அழைக்கப்பட்டதாலேயே அவ்வாறு நேர்ந்தது.

கோப்பிக்காக வெட்டப்பட்ட காடுகளைப் பற்றிய எச்சரிக்கையும் அக்காலத்திலேயே எழுந்தது. 1873 ஆம் ஆண்டில், கியூ பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த சேர் ஜோசப் ஹூக்கர், இலங்கையின் உயர்மலைக் காடுகளை அழியாது விடவேண்டுமென அரசுக்கு அறிவுறுத்தினார். அதன் பயனாக 5,000 அடிக்கு மேற்பட்ட நிலத்திற் காடு வெட்டுதல் தடுக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளியும் அதனைச் சூழ்ந்த காடுகளும் இன்று எஞ்சியிருப்பதற்கு அவ்வறிவுரை ஒரு காரணமாகும். 1887 ஆம் ஆண்டில் காட்டுத் திணைக்களம் தோன்றியது. மரத்தை வருமானமாகக் கருதிய காலம் அது. ஆயினும் ஒரு காட்டில் எத்தனை மரம், எவ்வினம், எவ்வளவு வளர்ச்சி என ஆண்டு தோறும் கணக்கெடுக்கவேண்டிய நிரந்தர உத்தியோகம் அதனோடு பிறந்தது. இயற்கையைக் கற்றோரை இடருக்குள்ளான நாளில் மாத்திரம் அழைக்கும் வழக்கத்திலிருந்து நாடு எடுத்துவைத்த முதல் அடி இதுவெனலாம்.

மலையில் நிகழ்ந்தது இதுவாக, கடலில் நிகழ்ந்ததும் இதனை ஒத்ததே. மன்னார்க் கடலின் முத்துச் சலாபம் பண்டைக்காலந்தொட்டு அரசர்க்கு வருவாய் தந்தது. தமிழ் முத்துக்குளிப்போரும் முஸ்லிம் முத்துக்குளிப்போரும் அரபு நாட்டவரும் ஒருங்கு கூடிய சலாபத்தில், வெறுமணல் சில வாரங்களுக்குப் பட்டினமாகிவிடும். ஆனால் முத்துச்சிப்பி ஆண்டு தோறும் கிடைப்பதில்லை. பார்களிற் சிப்பி நிறைந்திருந்த காலங்களும் உண்டு. பல ஆண்டுகள் ஒன்றுமின்றிப் போன காலங்களும் உண்டு. இதன் காரணத்தை ஆராயும்படி 1857 ஆம் ஆண்டில் டாக்டர் கெலாட் நியமிக்கப்பட்டார். அவர் இலங்கையிற் பிறந்த பறங்கியர், படையில் வைத்தியராயிருந்தவர், இந்நாட்டு விலங்குகளைப் பற்றி நூலெழுதியவர். சிப்பி தன்னைப் பாறையோடு பிணைக்கும் இழைகளை விட்டுவிட்டு நகர்ந்து, புதிதாக இழை நூற்றுப் பிணைந்துகொள்ள வல்லதென அவர் கண்டார். 1860 இல் கடற்பயணத்தின்போது அவர் காலமானார். ஆராய்ச்சியும் அவரோடு நின்றுபோயிற்று.

1891 ஆம் ஆண்டிற்குப் பின்னர் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சலாபம் நிகழவில்லை. வருவாய் நின்றபோதே அரசு மீண்டும் விலங்கியலை நினைத்தது. 1902 இன் தொடக்கத்தில் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் அழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக ஜேம்ஸ் ஹோர்னல் வந்தார். பார்களின் அடித்தளத்தை அவர்கள் முறையாக ஆராய்ந்தனர். 'பெரிய பார்' எனப்படும் இடத்தில் இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் தோன்றுகின்றன. எனினும் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைவேகம் அவற்றை மணலோடு வாரிக்கொண்டுபோய்விடுகின்றது. நகரும் மணலும் சிப்பியைத் தின்னும் மீன்களும் நெருக்கமும் ஏனைய பகைகள். ஆகவே, பெரிய பாரின் இளஞ்சிப்பிகளை அள்ளி, பாதுகாப்பான பார்களில் இடவேண்டுமென அவர்கள் கூறினர். ஹெர்ட்மன் சில மாதங்களில் திரும்பிச் சென்றார். ஹோர்னல் தங்கியிருந்து பார்களைத் தொடர்ந்து நோக்கினார். அவர்களுடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

1903 இல் சலாபம் மீண்டும் கூடியது. 1905 ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அத்தகைய ஆண்டுகளைக் கண்டோர் எல்லா ஆண்டுகளும் அவ்வாறே அமையுமென நம்பினர். 1906 இல் முத்துப்பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் விடப்பட்டன. கடலோ குத்தகையை அறியாது. 1907 இற்குப் பின்னர் பார்கள் வெறுமையாயின. கம்பனியும் சில ஆண்டுகளுள் கலைந்தது. ஹோர்னல் இந்தியாவுக்குச் சென்று, சென்னை மாகாண மீன்பிடித் திணைக்களத்திற் சேர்ந்து, பின்னர் அதன் தலைவராயினார். பார்கள் ஏன் ஏறியிறங்குகின்றன என்பதை ஆராய்ந்தவர்களின் அறிக்கை நூலகத்தில் இருந்தது. குத்தகைப் பணத்தைக் கணக்கிட்டவர்கள் அதன் பொருளை உள்ளத்திற் கொள்ளவில்லை.

கோப்பியும் காடும் முத்தும் ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்குவோர்க்கு ஒரு பொதுமை புலப்படும். அறிஞர் அழைக்கப்பட்டது நட்டம் கண்ட பின்னர். அழைக்கப்பட்டவர் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கு வந்து அறிக்கை எழுதிச் சென்றவர். அறிக்கை திறமையானதாயினும், அதனைக் கையிலேந்தி ஆண்டு தோறும் களத்திற்குச் சென்று பார்ப்பதற்கு உள்நாட்டில் ஆளில்லை. எங்கே நிரந்தரமான உத்தியோகம் அமைந்ததோ அங்கே ஓரளவேனும் காப்பு இருந்தது. எங்கே அது அமையவில்லையோ அங்கே அறிவு வந்த வழியே திரும்பிச் சென்றது.

இக்குறையை நீக்கியது உள்நாட்டுக் கல்வியே. 1921 இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. தாவரவியலும் விலங்கியலும் கற்ற இலங்கையர், முன்னர் கப்பலேறி வந்தோர் வகித்த பதவிகளுக்கு ஒவ்வொருவராக வந்தனர். 1925 இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையமும், அதனையடுத்துத் தோன்றிய தென்னை ஆராய்ச்சி நிலையமும், கோப்பிக்கு நேர்ந்த கதி மற்றப் பயிர்களுக்கும் நேராதிருக்க அமைக்கப்பட்ட காவலெனலாம். 1937 இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டில் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. 1949 இல் வனவிலங்குத் திணைக்களம் தனியே அமைந்தது. பேராசிரியர் அபயவிக்கிரம 1959 இல் இலங்கையின் பூக்குந் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். பெயர்ப்பட்டியல் ஒரு சிறு பணியெனத் தோன்றலாம். இருப்பது யாதென்று எழுதிவையாத வீட்டில் களவுபோனது யாதென்று எவராலும் சொல்ல இயலாது.

இத்தகைய பணி எவ்வளவு வலிமை வாய்ந்தது என்பதற்குச் சிங்கராஜவனம் சான்று. 1970 களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அம்மழைக்காட்டில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டப்பட்டது. மக்களும் விஞ்ஞானிகளும் அதனை எதிர்த்தனர். 1977 இல் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988 இல் அக்காடு உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. அங்குள்ள மரவினங்களில் நூற்றுக்கு 60 இற்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை என்பதை ஆய்வுகள் காட்டியிருந்தன. பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர்களான சாவித்திரி குணதிலக்கவும் நிமல் குணதிலக்கவும் தம் மாணாக்கரோடு அக்காட்டிற் பல பதிற்றாண்டுகள் உழைத்தனர். 1990 களில் 25 ஹெக்ரேயர் நிலத்தை எல்லையிட்டு, அதிலுள்ள 2 இலட்சத்திற்கு மேற்பட்ட மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, இனங்கண்டு, இலக்கமிட்டனர். சில ஆண்டுகளுக்கொருமுறை அதே மரங்களை மீண்டும் அளப்பதனாற் காடு மாறும் போக்கு தெரியவருகின்றது. அட்டைக்கடியும் மழையும் பொறுத்துச் செய்யும் இப்பணியில், கிராமத்து இளைஞரும் பட்டதாரிகளும் தோளோடு தோள் நின்றனர்.

நட்டத்திற்கு முன்னரே அறிஞரைக் கேட்கவேண்டும் என்னும் நியதி சட்டத்தில் இடம்பெற்றது அண்மைக் காலத்திலேயே. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் வழியே மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 1981 இல் கரையோரத்திற்கும் நீரியல் வளங்களுக்கும் தனிச் சட்டங்கள் வந்தன. 1988 ஆம் ஆண்டின் திருத்தத்தினால், குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்கள் தொடங்குமுன் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தல் கட்டாயமாயிற்று. அம்மதிப்பீட்டறிக்கையை மக்கள் பார்வையிட்டு முப்பது நாட்களுள் தம் கருத்தைத் தெரிவிக்கலாம். வார்ட் 1860 களில் அழைக்கப்பட்டிருந்தால் எவ்வாறிருந்திருக்கும் என்னும் கேள்விக்கு நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த விடையாக இச்சட்டத்தைக் கொள்ளலாம்.

இச்சட்டம் புதிய உத்தியோகங்களைத் திறந்தது. மதிப்பீட்டுக் குழுக்களில் தாவரவியலாரும் பறவையியலாரும் நீர்வாழ் உயிரியலாரும் வேண்டப்பட்டனர். எனினும் இதில் ஒரு சங்கடமும் உண்டு. மதிப்பீட்டுக்குரிய செலவைத் திட்டத்தை நடத்த விரும்புவோரே ஏற்கின்றனர். சம்பளம் தருபவரின் விருப்பம் ஒரு பக்கமும், களத்திற் கண்ட உண்மை மறுபக்கமும் நிற்கும் வேளைகளில், பட்டதாரி எப்பக்கம் சாய்வார் என்பதே இவ்வுத்தியோகத்தின் உண்மையான பரீட்சையாகும். ஒரு பருவத்தில் மாத்திரம் சென்று பறவைகளை எண்ணிவிட்டு ஆண்டு முழுவதற்கும் தீர்ப்புரைத்தல், 1905 இன் முத்தை நம்பி இருபது ஆண்டுக் குத்தகை எழுதியதற்கு ஒப்பானதே.

இப்பரீட்சை எங்கோ தொலைவில் நிகழ்வதன்று. முத்துச் சலாபம் நிகழ்ந்த அதே மன்னாரில் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. தம்பபவனி என்னும் முதற் பெருந்திட்டத்தில் முப்பது காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. குளிர்காலத்திற் வடநாடுகளிலிருந்து வரும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாயில்களுள் மன்னார்த் தீவு ஒன்று. அதன் அருகேயுள்ள வங்காலைச் சரணாலயம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2010 இல் ஏற்கப்பட்டது. மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும், மீனவரின் கரையும் வேண்டும். எவ்வழியாக, எம்மாதத்தில், எவ்வுயரத்திற் பறவைகள் பறக்கின்றன என்று ஆண்டு தோறும் எண்ணிவைத்தவர் இல்லாவிடில், இவற்றுக்கிடையே நியாயமான எல்லையை எவரும் வகுக்க இயலாது. 2015 இல் சுண்டிக்குளம், நெடுந்தீவு, ஆதாம் பாலம், மடு வீதி ஆகிய வடபகுதி நிலங்கள் தேசிய வனங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நன்னீரில் உரங்களின் நைத்திரேற்று கலப்பதைக் காலத்துக்குக் காலம் அளந்துவருதலும் இன்றியமையாதது. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கி, பிளாத்திக்கு மணிகள் மேற்குக் கரையில் ஒதுங்கியபோது, முன்னைய ஆண்டுகளின் அளவீடுகள் எத்துணை மதிப்புடையவை என்பதை நாடு முழுவதும் கண்டது.

ஆகவே பெற்றோரின் கேள்விக்கு விடை கூறுவது இயலாத காரியமன்று. காட்டுத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், நீரியல் வள ஆராய்ச்சி நிலையம், பயிர் ஆராய்ச்சி நிலையங்கள், நீர்வழங்கற் பணி, பல்கலைக்கழகம், பாடசாலை ஆகிய அனைத்தும் இக்கல்வியுடையோரை வேண்டுவன. அவற்றில் வெற்றிடங்கள் பல என்று கூறுதல் பொய்யாகும். அவை சிலவே, போட்டியும் கடிது. அரசுக்கு வெளியே மதிப்பீட்டுக் குழுக்களும் பாதுகாப்புச் சங்கங்களும் இயற்கைச் சுற்றுலாவும் உண்டு; அங்கே சம்பளம் நிலையற்றதாயிருக்கலாம். இவ்வழியிற் செல்லும் மாணாக்கர் செடியையும் பறவையையும் பெயர் சொல்லி அறிதல், எண்ணியதைக் கணிதவியலாற் சோதித்தல், நிலப்படம் வரைதல், சட்டத்தைப் படித்தறிதல் ஆகிய நான்கையும் பல்கலைக்கழகக் காலத்திலேயே பழகிக்கொள்ளவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுத வல்லவர்க்கு வாயில் அகலமாகும். கரையூர் மீனவரிடமும் வன்னிக் கமக்காரரிடமும் அவர் மொழியிலேயே கேட்டறியத் தெரியாதவர் பாதி உண்மையோடுதான் திரும்புவார்.

பெற்றோர் பிள்ளையிடம் கேட்கும் கேள்வியின் மறுபாதி நாட்டிடம் கேட்கப்படவேண்டியது. கற்றுவந்த இளைஞரை எவ்விடத்தில், எத்தனை ஆண்டுக்கு, எந்நாளில் இருந்து பணியில் அமர்த்தப்போகின்றீர்கள் என்பதே அது. பேராதனையிற் படம் வரைந்தவருக்கு நாற்பது ஆண்டுகள் கிடைத்தன. கோப்பியை ஆராய்ந்தவருக்கு இரண்டே ஆண்டுகள் கிடைத்தன. மன்னார்க் கரையில் இவ்வாண்டு இறங்கும் பறவைகளை எண்ணுவதற்கு ஒரு பட்டதாரி அமர்த்தப்பட்டால், அவருடைய குறிப்பேட்டின் பயன் உடனே தோன்றாது. பத்தாவது ஆண்டில் ஒரு திட்டம் மேசைக்கு வரும்போது, அக்குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பதற்கு ஓர் அலுவலகமும், அதனை எழுதியவர் அருகில் இருப்பதற்கு ஒரு நாற்காலியும் இருத்தல் வேண்டும்.